வெதுவெதுப்பான தொட்டி

மீன்கள் எல்லாம் தொட்டியின் இடது மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமனார் அன்செல்மோ இறந்த ஏழாம் நாள் திருப்பலி முடிந்து, தூறலில் நனைந்து வீட்டுக்குள் வந்த ரோசெலியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அத்தனையும் கண்ணாடியைப் பார்த்தபடி, வால்கூட அசைக்காமல், திட்டு வாங்கிய பிள்ளைகள் போல நின்றன.

மாமியார் சுல்மீரா வந்ததும் வராததுமாக அடுப்பில் ஏற்றிய பிஞ்ஞாங் என்ற பைன் மரக் கொட்டைகளின் மண்வாசமும், குரிச்சிபா நகரத்து ஜூலைக் குளிர்காலத்தில் காயாத கம்பளிகளின் வாடையும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு மெல்லிய ரீங்காரமும் கூடத்தில் கலந்து கிடந்தன.

“ஃபிரிட்ஜைத் தொடுறதுக்கு முன்னாடி ரப்பர் செருப்பைப் போட்டுக்கடா, அடெமார்” என்றார் சுல்மீரா.

“இந்த வீட்ல அம்மாவைத் தவிர எல்லாமே ஷாக் அடிக்கும்னு அப்பா சொல்வாரே!” ரோசெலியின் கணவன் சிரிக்க முயன்றான்.

“அவருக்கு வாய்க்குக் குறைச்சலே இல்ல. நெஞ்சுதான் தாங்கல.”

நெஞ்சு. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மருத்துவரும்தான். ரோசெலி தலையாட்டினாள்.

மீன் தொட்டிக்கு வாங்கிய புது ஹீட்டரின் பிளக்கில் மூன்று பின். பழைய சுவரில் இரண்டே துளை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும்மா என்றார் மாமனார். கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு, நடுவிலிருந்த எர்த் பின்னைக் கட்டிங் பிளேயரால் வெட்டிச் சொருகினாள். தெருவில் எல்லோரும் செய்வதுதான். தண்ணீர் சுருக்கென்கிறது என்று அவர் சொன்னபோது, “வயசானா எல்லாமே சுருக்குனுதான் இருக்கும் மாமா” என்று கேலி செய்தாள். அவர் இறந்த அன்று காலை தரையைக் கழுவிவிட்டு, செருப்பை வாசலிலேயே விட்டு வரச் சொன்னவளும் அவள்தான். அவர் சொன்னபடி கேட்டார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, தொட்டிக்குள் கையை விட்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஹீட்டரைப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் காது மடல்வரை சுட்டது.

தொட்டிக்கு இப்போது மின்சாரமே கிடையாது. ஆனால் கண்ணாடியில் ஆவி பூத்திருந்தது. புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு.

“மீனுக்கு யாரும் இரை போடலையா?” சுல்மீரா சட்டைக் கையைச் சுருட்டியபடி வந்தார்.

“வேண்டாம் அத்தை. நான் போடுறேன்.”

“ஏண்டி, என் புருஷன் வளர்த்த மீனை நான் தொடக் கூடாதா? மூலையில செத்துக் கிடக்குதான்னு பார்க்கணும்.”

சொல்லிவிடலாம். இப்போதே. அத்தை, மாமாவுக்கு நெஞ்சுவலி இல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அடெமார் அவளை ஒரு பார்வை பார்ப்பான்.

“மீன் பயந்துபோயிருக்கு அத்தை” என்றாள்.

அத்தையின் கை தண்ணீருக்குள் இறங்கியது.

ரீங்காரம் ஏறியது. சுல்மீராவின் விரல்கள் மெல்ல மடங்கின. எதையோ பற்றிக்கொண்டது போல. தோள் நடுங்கியது. முகத்தில் புன்னகை பரவியது.

“புடிச்சிட்டாரு” என்றார். “அதே புடி. விட மாட்டேங்கிறாரு.”

“அம்மா?” அடெமார் ஓடி வந்தான்.

தொடாதே என்று கத்த வேண்டும். ஏன் என்று கேட்பான்.

ரோசெலி வாயைத் திறந்தாள். மூடினாள்.

அவன் அம்மாவின் தோளைப் பற்றினான். நின்றான். அதே நடுக்கம். பிறகு அதே புன்னகை.

இருவரும் திரும்பினார்கள். ஒன்றாக. இமைக்கவில்லை.

அடெமாரின் இன்னொரு கை அவளை நோக்கி நீண்டது. உள்ளங்கை மேலாக. விரல்கள் விரிந்து.

“வா ரோசெலி” என்றான். அவ்வளவு கனிவாக அவன் அவளிடம் பேசியதே இல்லை. “அப்பா உன்னைத்தான் கேக்குறாரு.”

நீட்டிய கை தாழவில்லை.