சிங்காரவேலின் ஒரு லிட்டர் குளிர்

காலை ஆறு மணிக்குக் கோமளா குளிர்ப்பேழையின் மூடியில் கட்டைவிரலை வைத்தாள். "வணக்கம். தங்கள் குடும்பத்தின் குளிர் இரண்டு லிட்டர்" என்றது பெட்டி, அரசு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற குரலில். ஒரு லிட்டர் அவளுடையது: கண் மருந்து, அரை டம்ளர் பால். இன்னொன்று கணவர் சிங்காரவேலுடையது: ஈர மணலில் ஏழு காட்டுரோஜா விதைகள். அவர் போய் இருபது நாளாகியும் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

கொடைக்கானலில் குளிர்காலம் நின்று ஐம்பது வருடம். ஃப்ரிட்ஜுகள் ஊரைச் சூடாக்குகின்றன என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் என்று குளிரைப் பங்கிட்டார்கள். பங்கிட்ட அலுவலகம் மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தது. காட்டுரோஜா விதையோ மூன்று மாதம் குளிர்ந்தால்தான் விழிக்கும். தோட்டத்துக் கடைசிச் செடி கருகுமுன் பழுத்த ஒரே பழத்தைப் பிளந்து, பெட்டியிடம் கடுகு என்று சொல்லி உள்ளே வைத்தார் சிங்காரவேல். விதையிலிருந்து வருவது என்ன நிறம் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் ரோஸ் என்றார், அவள் வெள்ளை என்றாள். பந்தயம் கட்டிய மறுவாரம் அவருக்கு மாரடைப்பு.

பத்து மணிக்குப் பிரிட்டோ வந்தார். அட்டையில் பெயர் ஒரு வரி, பதவி நான்கு வரி: மண்டலக் குளிர் நீதிப் பகிர்வுக் கூடுதல் மேலாய்வாளர். பெட்டியைத் திறந்து மணலைக் கிளறினார்.

"கடுகு மாதிரி இல்லையேம்மா. இறந்தவர் குளிரை ஒப்படைக்கணும்."

"விதைங்க தம்பி. என் லிட்டர்லயாவது வச்சுக்கிறேன்."

"கடுகு இல்லன்னு பெட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு. உணவு, மருந்து, உடலெச்சம், மூணுதான் வைக்கலாம். எச்சத்துக்குத் தொண்ணூறு நாள் தனிக் குளிர் உண்டு. தலைவருங்க வந்து மாலை போட வசதியா வச்ச விதி."

"அப்ப இதுதான் அவரோட எச்சம்னு எழுதிக்கோங்க."

பிரிட்டோ அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். "எழுதலாம். ஆனா ஒருத்தருக்கு ஒரு எச்சம்தான், ஒரு தடவைதான். அலமாரியில இருக்கிற சாம்பலை நான் எடுத்துட்டுப் போகணும்."

கோமளா சாம்பல் செம்பை இறக்கினாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். கொடுத்துவிட்டாள்.

தொண்ணூறாம் நாள் நல்லடக்கம். பிரிட்டோ கறுப்புப் பட்டை கட்டி வந்து விதிப்படி இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார். ஏழு விதைகளும் தொட்டி மண்ணுக்குள் போயின. "அன்னார் அடக்கம் செய்யப்பட்டார்" என்று அறிவித்துவிட்டுப் பெட்டி ஒரு லிட்டராகச் சுருங்கியது.

மூன்று மாதம் தண்ணீர் விட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு விதையைத் தோண்டி நகத்தால் அழுத்தினாள். அழுகவில்லை, கெட்டியாக இருந்தது. சில விதை ரெண்டு குளிர்காலம் கேக்கும் என்று சிங்காரவேல் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த வீட்டுக்கு அடுத்த குளிர்காலம் எப்போது வரும் என்பதில் சட்டம் தெளிவாக இருந்தது.

அலுவலகத்தில் அவளைக் கண்டதும் பிரிட்டோ அவசரமாகப் போர்வையை மடியில் ஒளித்தார்.

"எச்ச முன்பதிவுப் படிவம் குடுங்க."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"நல்லாத்தானே இருக்கீங்க? இப்ப என்ன அவசரம்?"

"எனக்கும் அவசரமில்ல. விதைக்கும் அவசரமில்ல."

எச்சம் என்ற இடத்தில் எழுதினாள்: தொட்டியிலுள்ள ஏழு விதைகள், சாம்பல் வேண்டாம். அடக்கம் செய்பவர் என்ற இடத்துக்கு அவளிடம் பெயர் இல்லை. தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். பிரிட்டோ வெறும் பெயரை மட்டும் எழுதினார். பதவியை எழுதவில்லை.

"பூத்தா நிறத்தைப் பாத்துக்கோங்க தம்பி. பந்தயம் இருக்கு."

"பாத்து யார்கிட்டம்மா சொல்றது?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.