கேள்வி கேட்கக் கூடாத அறை

மழை அவனைத் தள்ளிக்கொண்டு வந்ததா, அவன் மழையை இழுத்துக்கொண்டு வந்தானா... தெரியவில்லை. கதவைத் தோளால் இடித்துத் திறந்தவன், அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையையும் சேர்த்து இடித்தான். அவன் நெஞ்சை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பொம்மைப் பெட்டி.

"கண்ணு தெரியலையா சார்?"

"பெட்டி மறைச்சுடுச்சுங்க... ஸாரி டீச்சர்."

"நான் டீச்சர் இல்ல. அந்தப் பெட்டியும் உள்ள வராது. சத்தம் போடற பொம்மைக்கெல்லாம் இங்க இடமில்ல."

"கடையையே புரட்டிப் போட்டு வாங்கினேங்க!"

"அப்ப நீங்களே வச்சு விளையாடுங்க."

பெட்டி கீழே இறங்கியது. அப்போதுதான் அந்தக் கண்கள் தெரிந்தன. தூக்கம் தொலைத்த பெரிய கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி. அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நல்லவேளை, சிந்திய தேநீரைத் துடைக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளோடு விளையாடப் பெற்றோருக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. "இதுக்குமா கிளாஸ்?" என்று சிரிப்பார்கள். பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் அதிகாரம் பண்ணாமல் இருக்கத் தெரிந்த அப்பா ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் சிரிக்கலாம்! அறைக்குள் பெற்றவரும் பிள்ளையும் இருப்பார்கள். ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிக்குப் பின்னால் அவள். பெற்றவர் காதில் ஒரு சின்னக் கருவி. அதில் அவள் குரல்.

இவன் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன். மகள் பிறந்ததை நடுக்கடலில் போனில் கேட்டவன். மனைவி கண்மூடியபோதும் கரைக்கு வந்துசேர முடியாதவன். குழந்தையை எடுத்து வளர்த்தது மனைவியின் அக்கா. நாலு வயதுச் சிட்டுவுக்கு அந்தப் பெரியம்மாதான் 'அம்மா'. பெற்ற அப்பா, 'அந்த மாமா'.

பெரியம்மா குடும்பத்தோடு வேறு தேசத்துக்குப் போகப் போகிறாள். "அதுக்குள்ள அவ உங்ககிட்ட ஒட்டிக்கிட்டா விட்டுட்டுப் போறேன் தம்பி. இல்லேன்னா அழ அழப் பிச்சு வச்சுட்டுப் போக என்னால ஆகாது," என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே? அதுதான் கொடுமை.

முதல் வகுப்பில் சிட்டு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கினாள்.

"இது என்ன கலர் பாப்பா? இங்க திரும்பு. அப்பாவைப் பாரு!"

"கேள்வி வேண்டாம்," என்றது காதில் குரல். "திரும்பு, பாருன்னு அதிகாரமும் வேண்டாம். அவ என்ன செய்யறாளோ அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"ரேடியோவுல மேட்ச் சொல்ற மாதிரியா?"

"அதேதான். அவுட்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவன் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அவன் முகம்தான் அதில் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் காதோர முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். பைத்தியம்!

சிட்டு கட்டைகளைத் தட்டிவிட்டுக் கதவருகே போய் உட்கார்ந்துகொண்டாள். "அம்மாகிட்ட போணும்."

வெளியே வந்தவன் காதுக் கருவியைப் பிடுங்கி மேசையில் போட்டான். "கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து சொல்றது ஈஸி. உங்களுக்குன்னு ஒண்ணு இருந்தாத் தெரியும்!"

அவளுக்கென்று ஒன்று இல்லை என்றுதான் கட்டியவன் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் கருவியைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தாள். கை நடுங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

அடுத்த வாரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றான். "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. என் நாக்குல சனி."

"கிளாஸுக்கு நேரமாச்சு சார்."

ரோஷம்... அது அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் அவள் குரலில் கேலி இல்லை. தேவையானதை மட்டும் சொன்னாள். அவனும் சொன்னபடி கேட்கப் பழகினான். "சிட்டு நீலக் கட்டையை வைக்கறா... அதுமேல சிவப்பு... விழாம மெதுவா வைக்கறா..." வாரங்கள் போகப் போக அந்தச் சின்ன முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒருநாள் கோபுரம் சரிந்தபோது அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருத்தியும், மைக்கை மூட மறந்து, சிரித்தாள்.

"சிரிச்சீங்க..." என்றான் அவன், கண்ணாடியிடம்.

"அவளைப் பாருங்க சார். என்னை இல்ல."

அன்று தன் வீட்டில் சாப்பிட அவள் மூன்று தட்டுகளை எடுத்துவிட்டாள். பிறகு இரண்டைத் திரும்ப வைத்தாள்.

கடைசி வகுப்பு. பெரியம்மா வெளியே காத்திருந்தாள். சிட்டு கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தவள், திடீரென்று ஒரு மஞ்சள் கட்டையை அவனிடம் நீட்டினாள்.

"நீ வை."

அவன் கண் நிறைந்துவிட்டது. உதடு துடித்தது. என்ன கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேக்காதீங்க... ஒரே ஒரு சொல். மைக் உதட்டருகில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை.

"சிட்டு... அப்பாகூடவே இருந்துடறியாடா?"

குழந்தையின் முகம் மாறிவிட்டது. கட்டை கையிலிருந்து நழுவியது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். பெரியம்மா தூக்கிக்கொண்ட பிறகும் அழுகை நிற்கவில்லை. அவன் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது குழந்தை.

"கூட்டிட்டுப் போங்கக்கா," என்றான் அவன். "அழ வச்சு வாங்கிக்க மாட்டேன்."

"லீவுக்குக் கூட்டிட்டு வரேன் தம்பி..." பெரியம்மாவும் அழுதாள். மழைக்குள் கார் போய்விட்டது.

அவன் மறுபடியும் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நான் தடுத்திருக்கணும். தெரிஞ்சே தடுக்கல."

அவன் நிமிர்ந்தான்.

"அவ ஆமான்னு சொல்றதைக் கேக்கணும்னு எனக்கும் ஆசை. உங்க வீட்ல நீங்க, அவ, கூட நானும்னு... என்னென்னவோ நினைச்சுட்டேன். என் ஆசைதான் உங்க பொண்ணைத் துரத்திடுச்சு. திட்டுங்க... தயவுசெஞ்சு திட்டிடுங்க."

அவன் திட்டவில்லை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கற்றுக்கொடுத்த அதே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான்.

"நீங்க தரையில உக்காந்திருக்கீங்க... கண்ணைத் துடைக்கறீங்க... மஞ்சக் கட்டையை எடுத்துட்டீங்க. கை நடுங்குது. அன்னிக்கு நான் பேசினப்பவும் இப்படித்தான் நடுங்குச்சு. அன்னியிலேர்ந்து நான் இந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். சிட்டுவுக்காகத்தான் வந்தேன்... ஆனா வழியெல்லாம் காதுல உங்க குரல்தான்."

நிறுத்தினான்.

"இதுக்கு மேல கேள்விதான் வரும். நான் கேக்க மாட்டேன்... கேட்டா போயிடறாங்க."

அவள் அந்தக் கட்டையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீங்க கேக்க வேண்டாம்... நான் இருக்கேன்."

அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.