மேல்வீட்டு அன்ரியின் வாய்

படத்தில் ஒரு தையல் குறைந்திருந்தது.

கௌரி படம் கீறுகிற டெப்பில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மண்டையோட்டுக் கிரீடம், புகை கிளம்பும் கறுப்புச் சிம்மாசனம், அதிலிருந்த பேயரசியின் உதடுகளை மேலும் கீழுமாக இறுக்கிய சிவப்பு நூல் எல்லாம் அவள் கீறியபடியே இருந்தன. இடது கடைவாயில் மட்டும் நூலில்லை. நூலைத் தனி லேயரில் போட்டு லொக் பண்ணி வைத்திருந்தாள். லொக் அப்படியே இருந்தது.

அது மேல்வீட்டு மரியகொறற்றி அன்ரியின் முகம்.

வெள்ளவத்தையில் சம்பந்தம் பேசுகிறவர்கள் நேரே பெண்வீட்டுக்கு வரமாட்டார்கள். அதே ஃபிளாட்டில் மேலும் கீழும் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். தை மாதம் கௌரியைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் அன்ரி சொன்னாவாம்: "நாள் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும். பெடியங்கள்தான் வந்து போவாங்கள்." வந்து போனது அவள் விற்கிற படங்களின் பிரிண்டுகளை எடுத்துப்போகிற கூரியர்க்காரர். சம்பந்தம் குழம்பியது. படியில் மறித்துக் கேட்டபோது அன்ரி சிரித்தா.

"கேட்டவை, சொன்னன். வாயைத் தைச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?"

ஆடி மாதம் அன்ரி செத்துப்போனா. கும்பிடுகிற சாட்டில் சவப்பெட்டிக்குள் கிடந்த முகத்தை ஃபோனில் படமெடுத்துவந்து, அதைப் பார்த்தே கௌரி இந்த அரசியைக் கீறினாள். ஒவ்வொரு தையலுக்கும் பேனையை அழுத்தியபோது நெஞ்சுக்குள் இனித்தது. வாயைத் தைக்கிற இடத்தை மட்டும் வீடியோவாக்கி இணையத்தில் போட்டாள். அதுதான் ஓடியது. கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் ஓடர் வந்தது.

இப்போது கல்கிசையிலிருந்து கஜீவனின் சம்பந்தம். இரண்டுதரம் கதைத்ததிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இது குழம்பக்கூடாது.

விட்டுப்போன தையலைத் திரும்பவும் கீறினாள். அடுத்த நாள் பாதி நூலைக் காணோம்.

"மேல ஆரோ கதிரை இழுக்கினம், பிள்ளை," என்றா அம்மா, கோயிலுக்குப் புறப்பட்டபடி.

"மேல்வீடு பூட்டிக் கிடக்கு, அம்மா."

"அப்ப எலியாக்கும். பெரிய எலி."

அம்மா போனபின் கடற்கரை ரயில் ஜன்னல் கண்ணாடிகளை உலுப்பிக்கொண்டு போய், அதன் சத்தம் தெகிவளைப் பக்கமாகத் தேய்ந்து அடங்க, உப்புக்காற்றோடு அன்ரி பூசுகிற சித்தாலேபத் தைல மணமும் அணைத்த மெழுகுதிரியின் புகைமணமும் மெல்ல அறைக்குள் இறங்கின. தலைக்கு மேலே கதிரை நகர்ந்தது. நேரே அவளுக்கு மேலே வந்து நின்றது.

ஃபோன் அடித்தது. கஜீவனின் தாய். கௌரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, குறை நினையாதையும். இண்டைக்கு உங்கட ஃபிளாட்டில விசாரிக்க வந்தனாங்கள்."

"ஓம், மாமி."

"மேல்மாடியில ஒரு மனுசி கதவு திறந்தவ. வாயைச் சுத்திச் சின்னச் சின்ன ஓட்டை. என்னம்மா நடந்தது எண்டு கேட்டன். கௌரியைக் கேளுங்கோ எண்டா."

கௌரி டெப்பைப் பார்த்தாள்.

நூலே இல்லை.

"உம்மைப் பற்றியும் கொஞ்சம் சொன்னா. எனக்கு நம்பேலாமல் இருக்கு. நீரே சொல்லும், அதெல்லாம் பொய்தானே?"

பொய், மாமி. அவ செத்துப்போனா. சொல்ல வேண்டும். உதடு பிரியவில்லை. பலமாக முயன்றாள். சுரீரென்றது. தொண்டைக்குள் முனகல் மட்டும்.

"பிள்ளை? லைனில நிக்கிறீரோ?"

"ஓம், மாமி."

அவளுடைய குரல். டெப்பிலிருந்து.

"நான் கௌரிதான். அன்ரி சொன்னது முழுக்க உண்மை. இன்னும் கனக்க இருக்கு. சொல்லட்டே?"

மறுமுனையில் மாமி கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, மெதுவாக, "சொல்லும்."

திரையில் பேயரசியின் உதடுகள் ஆற அமரத் திறந்தன. மூடின. ஒவ்வொரு ஊசித் துளையிலும் ஈரம்.

கௌரி தன் வாயைத் தடவினாள். விரலில் சிவப்பு நூல்.

அது இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது.