மூன்று தடவை போகும் மழைச் செய்தி

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உங்களுக்கு?"

மலையூரான பிரிஞ்சாங்கின் மமாக் சாப்பாட்டுக் கடையில் அத்தனை தலையும் திரும்பியது. மழைக்கு ஒதுங்கி, வேறு இடமில்லாமல் முன்பின் தெரியாத ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்த உமாதேவிதான் கத்தினாள். பின்னே? அவன் லேப்டாப்பில் அவள் எழுதிய நிரல்! அதன் கீழே, அவன் கணக்கிலேயே, திருமாறன் என்ற பெயரில் அந்த நக்கல்... 'ஒரே எச்சரிக்கையை மூன்று தடவை அனுப்பும் மேதை! நிராகரிக்கப்பட்டது.' அதை எவனோ படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட, ஊரே சிரித்தது.

"நீங்க... உமாதேவியா?"

ஆளுக்கொரு ஊரிலிருந்து சேர்ந்து எழுதும் மண்சரிவு எச்சரிக்கைச் செயலி அது. எல்லாருடைய நிரலையும் சரிபார்ப்பவன் இவன். கோலாலம்பூரிலிருந்து ஸ்ட்ராபெரித் தோட்டம் பார்க்க வந்தானாம்! மழை ஈரம் ஒட்டிய இமைகள், மிரண்ட பெரிய கண்கள்... அழகாக வேறு இருந்து தொலைத்தான்.

"அந்த மேதையேதான்! மலைமேல போன்ல லைன் கிடைக்காது லா. தேயிலை பறிக்கிற எங்கம்மாவுக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல கிடைக்கும், அப்புறம் கொழுந்து நிறுக்கிற ரெண்டு வேளை. அதான் மூணு தடவ! நாளைக்கு உங்க ஒரு செய்தியோட செயலி வெளியாகி, அம்மாவுக்கு அது போய்ச் சேரலன்னா? சரிவுல மண்ணு எறங்கினா உங்க நக்கலா வந்து காப்பாத்தும்?"

அவன் முகம் வெளிறியது. அவசரமாக எதையோ தட்டினான்.

"அந்த நக்கலை அழிச்சிட்டேங்க..."

"சிரிக்கிறது ஊரறிய, மன்னிப்பு மட்டும் ரகசியமாவா?"

பையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே வெளியேறினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது போன் அதிர்ந்தது. செயலிக் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரே பதிவு. 'மலை வேலை தெரியாமல் சிரித்தது என் தப்பு. உமாதேவி எழுதியதுதான் சரி. ஏற்றுக்கொண்டேன். திருமாறன்.'

நிமிர்ந்தாள். தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க எதிரே நின்றான்.

"இன்னும் என்ன?"

"எட்டு மாசமா உங்க நிரலைத்தாங்க முதல்ல திறக்கிறேன்... உங்க பேரைப் பார்த்தாலே சிரிச்சிடுவேன். கூட இருக்கிறவனுங்க கிண்டல் பண்ணுவானுங்கன்னு பயந்து, அப்படி எழுதிட்டேன். உங்களைப் பிடிச்சிருக்கு..."

"பிடிச்சவங்கள இப்படியா மானத்த வாங்குவாங்க? முட்டாள்!"

அவன் தலை குனிந்தது. அவளுக்கோ கோபத்தோடு அழுகையும் முட்டியது.

"வேற எவன் சிரிச்சிருந்தாலும் போடான்னு போயிருப்பேன்... எட்டு மாசமா உங்க ஒரு 'சரி'க்காகத்தான் எழுதினேன், நீங்க சிரிச்சதுதான் தாங்கல."