பதினோரு பித்தளை வில்லைகள்

ஏழாம் எண் வில்லை நனைந்திருந்தது. மழை இல்லை, கூரையும் ஒழுகவில்லை. பலகையில் மற்ற பத்தும் தூசி படிந்து காய்ந்து தொங்க, இது மட்டும் மாலை நாலு மணி வெயிலில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துடைக்க நீட்டிய கையை, அந்தப் பலகையைக் காத்துவந்த பலகைக்காரி இழுத்துக்கொண்டாள். இந்தக் கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவன் வேலைக்கு இறங்கும்போது தன் எண் பொறித்த வில்லையை ஆணியில் மாட்டுவான். கரையேறியதும் தன் கையாலேயே எடுப்பான். அடுத்தவர் தொடக் கூடாது. வில்லை ஆணியில் இருந்தால் ஆளைத் தேடியாக வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் மரப்பாலம் சரிந்தபோது பதினோரு வில்லைகள் மிஞ்சின. கம்பெனி ஒரே ஒரு நாள் தேடிவிட்டு அந்த இடத்தை மண்ணைக் கொட்டி மூடியது. பாவிகள்! ஏழாம் எண் அவள் புருஷன்.

தெருவில் மற்ற வீடுகளையெல்லாம் இடித்தாயிற்று. இந்தக் கொட்டகைதான் பாக்கி. வெளியே கம்பெனி அதிகாரி கதவைத் தட்டினார்.

"பதினோரு பேரும் அன்னைக்கே கரையேறிட்டாங்கன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா. நாளைக்கு இடிக்கிற வேலைய ஆரம்பிக்கணும்."

"ஏறினவன் வில்லைய எடுக்காம எங்கய்யா போனான்? போய் வேற ஆளைப் பாரு!"

"கதவை உடைச்சு அந்தத் தகர வில்லையெல்லாம் நானே கழட்டி எறியறேன்."

"தொட்டுப் பாரு!"

அப்போதுதான் தரைக்கடியில் அந்தச் சத்தம் கேட்டது. நனைந்த மூட்டையை யாரோ மெல்ல மெல்ல இழுத்து வருவதுபோல. சேற்று நாற்றம் மூக்கை அடைத்தது. முதுகுக்குப் பின்னால், டிக். ஓர் ஆணி காலி.

டிக். டிக்.

அவள் நகரவில்லை. முப்பது வருஷம் எதற்காகக் காத்திருந்தாளாம்?

பலகையின் பக்கம் திரும்பினாள். பத்து ஆணிகள் காலி.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. சதை இல்லை. விரலெல்லாம் சிப்பி. ஆணி தெரியாமல் தடவியது.

"கொஞ்சம் வலப்பக்கம்," என்றாள். "உங்களுதுதாங்க. எடுத்துக்குங்க."

டிக்.

"கடைசியா கேக்கறேன்," அதிகாரி கத்தினார். "கரையேறிட்டாங்கன்னு எழுதித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"தர்றேன்யா. இப்பதான் ஏறினாங்க."

தாழ்ப்பாளை நீக்கினாள். ஈரக்கால்கள் வரிசையாக அவளைக் கடந்து போயின. வெளியே ஒரே ஓர் அலறல், பாதியில் நின்றது.

நெடுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். ஏழாம் ஆணியில் அதிகாரியின் அடையாள அட்டை தொங்கியது. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.