பின்னால் இன்னும் ஒருத்தி

வேன் மலையடிவாரத்தில் வந்து நின்றபோது காலை ஆறு மணிகூட ஆகவில்லை. நர்ஸ் இறங்கி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு மேலே பார்த்தாள். பாதி மலைதான் தெரிந்தது. மீதியை மேகம் மூடியிருந்தது.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. டயாலிசிஸ் வார்டில் பதினேழு வருட வேலை. ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது, அதுவும் தார் ரோட்டில்தான். முப்பத்திரண்டு கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தது இதுவே முதல் தடவை.

அவள் கணவருக்கு அதில் இஷ்டமே இல்லை. "வேற ரேஸே கிடைக்கலையா உனக்கு?" என்று ஒரு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினோரு வருடமாக இந்த ஓட்டத்தில் மூன்றாவது போஸ்டுக்குப் பொறுப்பாளர். மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பழைய வானிலை நிலையத்தின் ஒற்றை அறைதான் அந்த போஸ்ட். வருகிற ஒவ்வொருவரின் எண்ணையும் பட்டியலில் டிக் செய்து, தண்ணீர் கொடுத்து, கீழே அனுப்ப வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூட வேண்டும். ஓட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம்.

"அஞ்சு மணிக்கு மூடிடுவேன். ஒரு நிமிஷம் லேட்டானாலும் பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றார்.

"தெரியுமே. மணிதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத் தேதி இருக்காது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு நிமிட மௌனம் கேட்டார்கள். போன வருடம் இதே ஓட்டத்தில் ஒரு பெண் இறந்துபோயிருந்தாள். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். நர்ஸ் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் குந்தி உட்கார்ந்து, இறுக்கமாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது. அவர் ஜீப்பில் ஏறி மேலே போனார். அவள் ஓடினாள்.

முதல் பத்து கிலோமீட்டரில் தொடை எரிந்தது. அடுத்த பன்னிரண்டில் ஓட்டம் நடையாக மாறியது. வேர்களும் ஈரக் கற்களும் நிறைந்த பாதையில் கண்ணைக் காலடியிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது போஸ்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. அங்கே இருந்த பல் டாக்டர் அவள் கையில் உப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மேஜையை மடக்க ஆரம்பித்தார்.

"நீங்கதான் கடைசி, சிஸ்டர். உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல. கடிகாரத்துக்கு வயர்லெஸ்ல சொல்லிடறேன். பாத்துப் போங்க."

அதற்கு மேல் பாதை மரங்களை விட்டு வெளியேறியது. மேகம் இறங்கி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. பாதையைக் காட்டக் கட்டியிருந்த சிவப்பு நாடாக்கள் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தன. காற்று இல்லை. பறவை இல்லை. அவளுடைய மூச்சும் ஷூவின் கீழே சரளை நொறுங்கும் சத்தமும் மட்டும்.

பிறகு இன்னொரு சத்தம்.

ஒரு காலடி. ஓர் இழுப்பு. ஒரு காலடி. ஓர் இழுப்பு.

நின்றாள். அதுவும் நின்றது.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கன்னத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று மழையே பெய்யவில்லை என்பது நர்ஸுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததே பெரிதாக இருந்தது.

"நான்தான் கடைசின்னு டாக்டர் சொன்னாரே?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

"கால்ல என்னம்மா?"

"புரண்டுடுச்சு. பழகிப்போச்சு."

நர்ஸ் குனிந்து கணுக்காலைப் பார்த்தாள். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒருத்தி நடக்க முடியாது. கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனவள், வேலைப் பழக்கத்தில் மணிக்கட்டில் விரல் வைத்தாள். கை கல்லைப்போலச் சில்லிட்டிருந்தது.

நாடி கிடைக்கவில்லை.

விரலை நகர்த்தி வைத்தாள். பதினேழு வருடத்தில் அவளுக்குத் தப்பாத இடம் அது.

"கிடைக்கலையா, அக்கா?"

"குளிர்... என் விரல் மரத்துப்போச்சு."

"ஆமா, மரத்துப்போகும். முதல்ல விரல். அப்புறம் உதடு. அப்புறம் குளிரே தெரியாது. தூக்கம் மட்டும்தான் வரும்."

நர்ஸ் கையை விட்டாள். முன்னால் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். பின்னால் அந்த இழுப்பு, அதே தூரத்தில்.

"மூணாவது போஸ்ட்ல யாரு இருக்காங்க, அக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

பின்னால் சத்தம் நின்றது. நர்ஸ் வேகமாக நடந்தாள். பத்தடி, இருபதடி, முப்பதடி.

"நேரம் தவறாத மனுஷனாமே?"

அது காதுக்குள் கேட்டது.

துள்ளித் திரும்பினாள். அந்தப் பெண் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். நனைந்து நைந்துபோன எண் தாள், மஞ்சள் சட்டையின் நெஞ்சில் ஊக்குகளில் தொங்கியது. 214.

அந்த எண்ணை மறந்தவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது. போன வருடம் 214 முடிவுக் கோட்டுக்கு வந்து சேரவில்லை. மூன்றாவது போஸ்டின் பட்டியலில் அவளுக்கு டிக் இருந்தது. நேரம் நாலு ஐம்பத்திரண்டு. கடிகாரம் போட்ட டிக் ஆயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? போஸ்டுக்குக் கீழே இருந்த ஆறு கிலோமீட்டரையும் பள்ளத்தையும் இரண்டு நாள் சலித்துத் தேடினார்கள். மூன்றாவது நாள்தான் யாரோ மேலே போய்ப் பார்த்தார்கள். வானிலை நிலையத்துக்குப் பின்னால், பாறை இடுக்கில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிர் இல்லை. தன்னைத் தாண்டிப் போனவள் வழி தவறி மறுபடி மேலே ஏறியிருப்பாள் என்றார் கடிகாரம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவளுடைய அம்மா மட்டும் வீடு தேடி வந்தாள். "என் பொண்ணை நீங்க கண்ணால பாத்தீங்களா, சார்?" என்று கேட்டாள். "பாத்தேன்மா. நாலு அம்பத்திரண்டு," என்றார் அவர். அப்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நர்ஸ்தான்.

"நான் மேலே வந்தப்ப நாலு முப்பத்தஞ்சு, அக்கா," என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. சளி பிடித்த குழந்தை பேசுவதைப்போல இருந்தது. "கதவுல பூட்டு. உள்ளே கம்பளி இருக்கு, அடுப்பு இருக்கு. ஜன்னல் வழியா தெரிஞ்சுது. தட்டினேன். அப்புறம்தான் மழை வந்தது."

"எனக்கு... எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியுமே, அக்கா."

தெரியும். அன்று நாலே முக்காலுக்குக் கொட்டிய மழையில் மலையிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் தொப்பலாக வந்தார்கள். அவர் மட்டும் காய்ந்த சட்டையோடு வந்தார். மடிப்புக் கலையாத ரெயின்கோட்டை அவள்தான் வாங்கி ஆணியில் மாட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் ஓடினாள்.

நெஞ்சு வெடிக்க ஓடினாள். நாடாக்கள் தெரிந்த பக்கமெல்லாம் ஓடினாள். கல்லில் தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. எழுவதற்குள் முழங்கையில் ஒரு குளிர்ந்த கை விழுந்து, அவளைத் தூக்கி நிறுத்தியது.

"அவசரமே இல்ல, அக்கா. உங்களுக்கு நேரம் இருக்கு. நீங்க போய்ச் சேந்துடுவீங்க." பிறகு இன்னும் மெதுவாக: "பின்னாடி யாராவது இருக்காங்களான்னு அவர் கேப்பார். உண்மையைச் சொல்லுங்க. அது போதும்."

வானிலை நிலையத்தின் சுவர் திடீரென்று வெண்மைக்குள் முளைத்தது. மணி நாலு பதினெட்டு. மேஜை மடக்கியாகிவிட்டது. தண்ணீர் கேன்கள் ஜீப்பில் ஏறிவிட்டன. கடிகாரம் கையில் பூட்டோடு வாசலில் நின்றார். டிரைவர் ஜீப்பின் மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"வா வா வா," என்றார் கணவர். "உனக்காகத்தான் நின்னேன். ஏறு, கிளம்பலாம். பின்னாடி யாரும் இல்லல்ல?"

அவள் பூட்டையே பார்த்தாள்.

"போன வருஷம் எத்தனை மணிக்கு மூடினீங்க?"

"என்ன கேள்வி இது, இங்க வந்து?"

"எத்தனை மணிக்கு?"

அவர் டிரைவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசு. நாலே கால் இருக்கும். மேகம் கட்டிட்டு வந்துது. மழை பிடிச்சா ஜீப் இறங்காது. கடைசியா வந்தவன், ஒரு பொண்ணு பின்னாடி வருதுன்னு சொன்னான். எப்படியும் வந்து, தானா இறங்கிப் போயிடும்னு நினைச்சேன். ஒரு டிக்தானே..."

"அந்த டிக்கை நம்பித்தான் ரெண்டு நாள் கீழேயே தேடினாங்க."

"அதை ஏன் இப்ப தோண்டறே? கிளம்பு."

"பின்னாடி ஒருத்தி வர்றா," என்றாள் அவள். "இருநூத்திப் பதினாலு."

அவர் முகம் வெளிறிப் போனதை அவள் பார்த்தாள்.

"சார்," என்றான் டிரைவர். கயிறு அவன் கையிலேயே நின்றுவிட்டது. "யாரோ கூப்பிடறாங்க, சார்."

மூடுபனிக்குள்ளிருந்து, சளி கட்டிய குரல்:

"மூடிட்டீங்களா, சார்?"

பூட்டு அவர் கையிலிருந்து விழுந்தது.

"ஆள் இருக்கு, சார். பொம்பளைப் புள்ளை குரலு. போய்ப் பாருங்க," என்றான் டிரைவர்.

அவர் மனைவியைப் பார்த்தார். போகாதீங்க. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பார்த்தார். அது அவள் தொண்டை வரை வந்தது. கூடவே, தன் கைக்குள் நடுங்கிய அந்த அம்மாவின் கையும் ஞாபகம் வந்தது.

"போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

நாலு எட்டு வைத்தார். வெள்ளை அவரை மூடிக்கொண்டது. சரளையில் அவருடைய காலடி கேட்டது. கூடவே அந்த இழுப்பும் கேட்டது.

ஒரு காலடி. ஓர் இழுப்பு.

பிறகு ஒரு சின்ன முறிவுச் சத்தம்.

அதற்குப் பிறகும் இரண்டு பேர் நடக்கும் சத்தம் கேட்டது. ஆனால் இரண்டுமே இழுப்பாகத்தான் கேட்டன.

சரியாக ஐந்து மணிக்குப் பனி விலகியது. பாதை வளைவு வரைக்கும் பளிச்சென்று கிடந்தது. ஆள் இல்லை.

தேடினார்கள். பன்னிரண்டு பேர் அந்த ஒற்றை அறையிலேயே இரண்டு இரவு தங்கித் தேடினார்கள். மேலேயும் தேடினார்கள், கீழேயும் தேடினார்கள். இந்தத் தடவை கட்டடத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். பாறை இடுக்கு காலியாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேர் அந்தப் பாறையில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள்கூட.

மூன்றாவது நாள் காலை, அதே பாறை இடுக்கில், முழங்காலைக் கட்டிக்கொண்டு கடிகாரம் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் முறிந்திருந்தது. விரல் முட்டிகளில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. உயிர் இருந்தது.

"உள்ளேதானே இருந்தீங்க எல்லாரும்," என்றார் தூக்கியவர்களிடம். "விளக்கு எரிஞ்சுது. நீங்க பேசறது கேட்டுது. ரெண்டு ராத்திரியும் கதவைத் தட்டினேனே. ஏன் யாரும் திறக்கல?"

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடி வார்டில் படுக்க வைத்தார்கள். நாலு கம்பளி போர்த்தியும் உடம்பு சூடு ஏறவில்லை. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் ஓட்டத்தை நடத்தியவர்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாவின் வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். அந்த அம்மா முழுவதையும் நின்றபடியே கேட்டாள். "இத்தனை நாள் கழிச்சா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆனாலும் நர்ஸுக்கு அன்று இரவுதான் தூக்கம் வந்தது. முடிந்தது என்று நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். சாயங்கால நேரம், டயாலிசிஸ் வார்டின் மெஷின்களை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தபோது, துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளியோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"சிஸ்டர், மேலே உங்க வீட்டுக்காரரைப் பாக்க ஒரு பொண்ணு வருதே, உங்க தங்கச்சியா?"

"எந்தப் பொண்ணு?"

"தினமும் வருதே, இந்த நேரத்துக்கு. உக்காரவும் செய்யாது, பேசவும் செய்யாது. கட்டில் பக்கத்துலயே நிக்கும். அது போனப்புறம் தரையைத் துடைக்கிறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு, அவ்வளவு தண்ணி."

துணி நர்ஸின் கையிலேயே நின்றது. "இன்னைக்கு வந்துதா?"

"வந்துது. ஆனா மேலே போகல, சிஸ்டர். உங்க டியூட்டி எப்ப முடியும்னு கேட்டுது. அதோ, கதவுக்கு வெளியேதான் நிக்குது." வாளியோடு நின்றவள் கதவின் பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தாள். "அந்தப் பொண்ணுக்குப் பொறுமையே இல்ல பாருங்க. எப்படித் தட்டுது!"

நர்ஸுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.