பின்தொடர்பவர் ஒருவர்

சர்க்கரை டப்பா காலியாக இருந்தது. தீர்ந்துபோன காலி இல்லை, ஒரு மணிகூட ஒட்டாமல் கழுவித் துடைத்து வைத்த காலி. காலையில் அதிலிருந்துதான் கணவனுக்குக் காபி போட்டிருந்தாள்.

ராஜகுமாரி டப்பாவை மறுபடி திருப்பிப் பார்த்தாள். விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. மேல்கையில் ஒட்டியிருந்த சென்சார் அனுப்பும் சர்க்கரை அளவு போனில் தெரிந்தது. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. பள்ளிக்கூடப் பருவத்தில் வந்த சர்க்கரை நோய். இந்தப் படபடப்பு அவளுக்குப் புதிதில்லை. இனிப்பாக ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு சற்று உட்கார்ந்தால் அடங்கிவிடும்.

வெல்லம் இருந்த ஜாடியைத் திறந்தாள். அதுவும் துடைத்திருந்தது. தேன் பாட்டில் வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகத் தெரிந்தது, பாட்டில் இல்லை. மலையூரான பண்ணைக்காட்டில் வாழைப்பழம் இல்லாத வீடு கிடையாது. அடுப்படி விட்டத்தில் தொங்கிய தாரில் பழங்களையெல்லாம் சீவி எடுத்திருக்க, வெறும் தண்டு மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. பின்பக்கம் நாய் எதையோ நக்கித் தின்னும் சத்தம் நிதானமாக வந்தது.

வீட்டில் அவளும் கணவன் பழனிக்குமாரும் மட்டுந்தான்.

அவனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏங்க, எனக்குச் சுகர் எறங்குது. வீட்ல ஒண்ணுமே இல்லங்க."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்," என்றான். குரல் சாந்தமாக இருந்தது. அழைப்பைத் துண்டித்தான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான், கல்யாணமான நாளிலிருந்து. செயலியை அவள் போனில் ஏற்றியவன் அவன். அவள் அளவு தன் போனிலும் தெரியும்படி 'பின்தொடர்பவர்' என்று தன் பெயரைச் சேர்த்துக்கொண்டவனும் அவன். பொண்டாட்டியை இப்படி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவன் உண்டா என்று ஊரே சொன்னது. அவள் கடையில் நின்று ஒரு முறுக்கு தின்றால்கூட, அளவு ஏறியதும் அவன் வேலை செய்யும் எஸ்டேட்டிலிருந்து போன் வரும், யாரோடு நின்று தின்றாய் என்று. நேற்று அந்தப் பெயரை அவள் நீக்கினாள். ஒரு பொழுதுக்குத்தான். பிறகு பார்த்தபோது பெயர் திரும்ப வந்திருந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசியை அவனே போட்டான். மருந்து சரியாக இறங்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறையும் போட்டான்.

அந்த இரண்டாவது ஊசி எதற்கென்று இப்போது விளங்கியது.

வேறு யாரையாவது கூப்பிட எண்களைத் தேடினாள். எழுத்துகள் தண்ணீரில் போட்டதுபோல மிதந்தன. வாசல் கதவு வெளியே தாழிட்டிருந்தது. பின்கதவை இழுத்துத் திறந்தாள்.

மலைமேல் பனிமஞ்சு இறங்கியிருந்தது. பகல் வெளிச்சம் அதற்குள் பால்போல் திரண்டு நிற்க, காப்பிச் செடிகளும் மிளகுக் கொடி சுற்றிய சவுக்கு மரங்களும் கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் இல்லாமலே போயிருந்தன. மக்கிய சருகின் வாசமும் எங்கோ சொட்டும் நீரின் ஓசையும்தான் தோட்டம் அங்கே இருக்கிறது என்று சொல்லின. தோட்டத்தைத் தாண்டினால் ஜக்கம்மாள் வீடு. அங்கே போய்விட்டால் போதும்.

கையிலிருந்த போன் அலறியது.

ஆபத்து ஒலி. அதை வராமல் செய்யச் செயலியில் வழி இல்லை; வந்ததை நிறுத்தும் பொத்தான் அவள் விரலுக்குச் சிக்கவில்லை. சேலைக்குள் சுருட்டினாள், மார்போடு அமுக்கினாள். அலறல் ஓயவில்லை. பின்னால் சருகு நொறுங்கியது. நின்றது. மறுபடி நொறுங்கியது, அவள் பக்கமாக.

போனைத் தூரத்தில் வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

கால்கள் அவளுடையவையாக இல்லை. நாக்கு மரத்திருந்தது. மஞ்சுக்குள் அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

அவன் எடுத்து நிறுத்திவிட்டான்.

தடுக்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் சாய்ந்த வாழை. தார். முற்றாத காய்கள். தோலோடு கடித்தாள். துவர்ப்பு. மென்றாள். விழுங்க வேண்டும். விழுங்கினால் போதும்.

செடி கழிக்கும் கவாத்துக் கத்தியின் பின்புறம் தாடையில் இறங்கியது.

எலும்பு முறியும் சத்தத்தைக் காதுக்கு உள்ளிருந்து கேட்டாள். காயும் ரத்தமும் ஒரு பல்லும் மண்ணில் விழுந்தன. தாரைப் பிடித்திருந்த கையின்மேல் அடுத்த அடி. விரல்கள் தாமாகவே பிரிந்தன. கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை திறக்கவில்லை, தொங்கியது.

மஞ்சுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"யாருலே அங்க? என்ன சத்தம்?"

ஜக்கம்மாள்.

"நாந்தேங்க்கா, பழனி!" என்றான் அவன். மூச்சு வாங்கினான், குரலில் கவலை இருந்தது. "குமாரிக்குச் சுகர் எறங்கி விழுந்துட்டா. நான் பாத்துக்கிறேன்."

"அய்யோ பாவம். நானும் வரட்டுமாய்யா?"

ராஜகுமாரி தொண்டையிலிருந்து எதையோ வெளியே தள்ளினாள். ரத்தம் குமிழியிட்டது.

"வேணாங்க்கா, வழி வழுக்கிக் கெடக்கு. இனிப்புக் குடுத்துட்டேன். இப்பச் சரியாப் போயிரும்."

"நீ இருக்கையில அவளுக்கு என்னய்யா கொறச்ச. வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

செருப்புச் சத்தம் சரிவில் ஏறித் தேய்ந்தது. ஒரு கதவு சாத்திக்கொண்டது.

பழனிக்குமார் கத்தியைச் செடியில் சாய்த்து வைத்தான். அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் வாயிலிருந்து காயின் கடைசித் துணுக்கை ஒற்றை விரல் விட்டுத் தோண்டி எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்தான். பிறகு அவளுடைய போனைச் சென்சார் ஒட்டிய கைக்குப் பக்கத்தில், சருகின்மேல் பக்குவமாக வைத்தான். திரை ஒளிர்ந்தது. அலறல் திரும்பத் தொடங்கியது. அவன் சட்டைப் பையிலிருந்தும் அதே அலறல்.

அவன் எதையும் அவசரப்படுத்தவில்லை. திரையில் படிந்த பனியை அவ்வப்போது கட்டைவிரலால் வழித்துவிட்டு, குனிந்து, எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்னொரு கை அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.